குற்ற வழக்கில் தனியார் டி.என்.ஏ. ஆய்வகத்தின் இடம் என்ன?

வழக்கு ராயபுரத்தில் பதிவானாலும் திருவொற்றியூரில் பதிவானாலும், டி.என்.ஏ. மாதிரியை ஆய்வுக்கு அனுப்ப வேண்டியவர் விசாரணை அதிகாரியே. பாதிக்கப்பட்டவரின் குடும்பம் கைக்காசைப் போட்டுத் தனியார் ஆய்வகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரை, அவரது சம்மதத்துடன், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்றும், மருத்துவர் டி.என்.ஏ. மாதிரியை எடுத்து 7 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்றும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 184ஆவது பிரிவு கூறுகிறது. சிகிச்சைக்கு ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனை மட்டுமல்ல, தனியார் மருத்துவமனையும் இவர்களிடம் பணம் கேட்கக் கூடாது.

தனியார் ஆய்வக அறிக்கையைச் சட்டம் அடியோடு ஒதுக்கவில்லை. ஆனால், மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறையின் அறிக்கையை, அதைத் தந்த அதிகாரியைக் கூண்டில் ஏற்றாமலேயே அதே சட்டத்தின் 329ஆவது பிரிவின்படி சான்றாக எடுத்துக்கொள்ளலாம். அரசு அறிவிக்கையில் இடம்பெறாத தனியார் நிபுணரோ நேரில் வந்து சாட்சியம் அளித்து, குறுக்கு விசாரணைக்கும் பதில் சொல்ல வேண்டும். டி.என்.ஏ. ஆய்வகங்களை நெறிப்படுத்துவதற்கான 2019ஆம் ஆண்டு மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது. அது நிறைவேறியிருக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

ஆய்வகம் எதுவானாலும், மாதிரி வந்த வழியைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். இரத்தக் கறை படிந்த துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில்தான் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கினால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். தேனி மாவட்ட வழக்கு ஒன்றில் 2025 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பொட்டலத்தின் மீது முதல் தகவல் அறிக்கை எண், சட்டப்பிரிவு, காவல் நிலையம் ஆகியவை இருக்க வேண்டும், எடுத்த 48 மணி நேரத்துக்குள் அது ஆய்வகத்தைச் சேர வேண்டும், வழக்கு நிலுவையில் சேமித்து வைத்திருக்கும்போது விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றி அதைத் திறக்கக் கூடாது, கைமாறிய விவரம் முழுவதும் பதிவேட்டில் இருக்க வேண்டும் என நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. குடும்பத்தார் தாங்களே எடுத்துச் சென்று தனியாரிடம் கொடுத்த துணிக்கு இந்தப் பதிவு எதுவும் இருக்காது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைப்பதும் அங்கேதான்.

ஆகவே மாதிரி எந்தத் தேதியில், எந்த ஆய்வகத்துக்குச் சென்றது என்று விசாரணை அதிகாரியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிப்பது அதே சட்டத்தின் 193ஆவது பிரிவின்படி அந்த அதிகாரியின் கடமை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத பெண்களும் குழந்தைகளும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி பெறலாம்.