கல்லறைகள் அளந்த நிலநடுக்கம்

2025 பிப்ரவரி 17 காலை 5:36க்கு டெல்லியில் ஒரு நிலநடுக்கம். அளவு வெறும் 4.0, ஆனால் ஊரே படுக்கையை விட்டு எழுந்து தெருவுக்கு வந்துவிட்டது. "நாலுக்கா இந்த ஆட்டம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கூடவே இன்னொன்றும் கேட்டிருந்தார்: அதுதான் துல்லியமான கருவியெல்லாம் வந்துவிட்டதே, ஆய்வாளர்கள் இன்னும் எதற்கு வீடு வீடாகப் போய் "பாத்திரம் விழுந்ததா, தூக்கம் கலைந்ததா" என்று விசாரிக்கிறார்கள்?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். 4.0 என்பது பூமிக்குள் பாறை பிளந்த இடத்தில் வெளியான ஆற்றலின் அளவு, ஒரு நிலநடுக்கத்துக்கு அது ஒன்றுதான். உங்கள் வீடு எவ்வளவு ஆடியது என்பது வேறு கணக்கு, அதற்குச் செறிவு என்று பெயர். ஆழம், தூரம், கீழே இருக்கும் மண் எல்லாம் அதை மாற்றும். டெல்லியில் பாறை நகர்ந்தது ஊருக்கு நேர் கீழே, சுமார் 5 கிலோமீட்டர் ஆழத்தில்தான். ஆடாமல் என்ன செய்யும்?

செறிவுக்கு 1 முதல் 12 வரை படிகள். இத்தாலியின் மெர்கல்லி 1902இல் வெளியிட்ட அளவுகோலை மற்றவர்கள் திருத்தித் திருத்தி நீட்டியது இது. இந்தியாவில் 1964இல் வந்த எம்எஸ்கே என்ற வடிவம் பழக்கம். 2 என்றால் மாடியில் சும்மா படுத்திருக்கும் ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் தெரியும். 4 என்றால் பாத்திரமும் ஜன்னலும் கடகடக்கும். 5இல் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்வார்கள், 6இல் சுவரின் பூச்சு உதிரும். 12இல் எதுவும் மிஞ்சாது. கேட்பதற்கு என்னவோ கிராமத்துப் பேச்சு மாதிரி இருக்கும், இதெல்லாம் அறிவியலா என்று தோன்றும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. 1897 ஜூன் 12 மாலை ஷில்லாங் பீடபூமியை உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு இன்றைய மதிப்பீட்டில் 8ஐத் தாண்டும். இந்தியாவில் அப்போது இதை ஒழுங்காகப் பதிவு செய்ய ஒரு நிலையம்கூடக் கிடையாது. கல்கத்தா அலிப்பூரில் கருவி வைத்ததே 1898 டிசம்பரில்தான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஓல்ட்ஹாம் என்ன செய்தார்? விழுந்து கிடந்த கல் தூண்களையும் கல்லறைகளையும் டேப்பால் அளந்தார்.

தரையோடு ஒட்டாமல் சும்மா நிறுத்தி வைத்த ஒரு செவ்வகத் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். உயரம் ஆறடி, அகலம் ஓரடி. தரை பக்கவாட்டில் வெடுக்கென்று நகர்ந்தால் தூண் தன் அடி விளிம்பில் சாய முயலும், அதன் எடை பிடித்து இழுத்து நிறுத்தப் பார்க்கும். எது ஜெயிக்கும் என்பதைத் தீர்மானிப்பது அகலத்தை உயரத்தால் வகுத்து வரும் எண், அவ்வளவுதான். எடை கணக்கிலேயே வராது, ஏனென்றால் சாய்க்கும் விசையும் நிறுத்தும் விசையும் இரண்டுமே எடையோடு சேர்ந்து கூடுகின்றன. ஆக, இந்தத் தூண் அசைய வேண்டுமானால் தரையின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஆறில் ஒரு பங்கையாவது தாண்டியிருக்க வேண்டும். பக்கத்திலேயே மூன்றடி உயரம், ஓரடி அகலத்தில் ஒரு கல்லறைக் கல் துளிகூட அசையாமல் நிற்கிறதா? அப்படியானால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. விழுந்த கல்லும் விழாத கல்லும் சேர்ந்து ஒரு மேல் எல்லையும் கீழ் எல்லையும் கொடுத்துவிட்டன. ஒரு கல்லறைத் தோட்டம் முழுக்க, குட்டையும் நெட்டையுமாக, இப்படி எத்தனை கருவிகள்!

இன்னும் வேடிக்கை, சில தூண்கள் விழாமல் திருகிக்கொண்டு நின்றன. இன்று வங்கதேசத்தில் இருக்கும் சாதக் என்ற ஊரில் ஒரு நினைவுத் தூணின் நுனி உடைந்து விழுந்தது, நடுப்பகுதி அப்படியே சுழன்று கோணலாக நின்றது. பூமி வட்டமாகச் சுழன்றது என்று அர்த்தமில்லை. தூண் ஒரு மூலையை ஊன்றி எழும்பி நிற்கும் அந்த நொடியில் ஆட்டம் வேறு திசைக்கு மாறினால் மொத்தக் கல்லும் அந்த மூலையில் திரும்பிவிடும். சில இடங்களில் மண்ணில் புதைந்திருந்த பாறைகள் தங்கள் குழியின் விளிம்பு சிதையாமலே வெளியே வந்து கிடந்தன. உருண்டு வந்திருந்தால் விளிம்பு உடைந்திருக்கும். எனவே மேல்நோக்கி எறியப்பட்டிருக்கின்றன, அதாவது செங்குத்து முடுக்கம் புவியீர்ப்பை மிஞ்சியது என்றார் ஓல்ட்ஹாம். 2008இல் ஜப்பானின் இவாதே-மியாகி நிலநடுக்கத்தில் ஒரு கருவி புவியீர்ப்பைப் போல் கிட்டத்தட்ட 4 மடங்கு பதிவு செய்தது, ஆக அவர் சொன்னது நடக்காத காரியம் இல்லை.

இந்த வகுத்தல் கணக்கு முழுசாகச் சரியா என்றால், இல்லை. அசையத் தொடங்குவது வேறு, கவிழ்வது வேறு. சட்டென்று வந்து போகும் குலுக்கலில் தூண் ஆடிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துவிடும். ஒரே வடிவமுள்ள இரண்டில் பெரியதுதான் கவிழாமல் தாக்குப்பிடிக்கும் என்று 1963இல் அமெரிக்கப் பொறியாளர் ஹவுஸ்னர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

வீடுகளை வைத்துக் கணிப்பதிலும் இதே சிக்கல்தான். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் வந்தது 6.2 தான், ஆனால் இறந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். மண் சாந்து வைத்து அடுக்கிய கனமான கல் சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்தன. ஊரே தரைமட்டம் என்று பார்த்து செறிவு 11, 12 என்று எழுதினால் தப்பு, அந்த மாதிரி வீடு 8, 9லேயே படுத்துவிடும். அதனால்தான் இன்றைய ஐரோப்பிய அளவுகோல் முதலில் வீட்டை வகை பிரிக்கிறது, பிறகுதான் அந்த வகையில் சிலவா, பலவா, பெரும்பாலானவையா இடிந்தன என்று கேட்கிறது.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கருவி இருக்கும் இடத்தில் மட்டும்தான் கருவி அளக்கும், வீடு எல்லாத் தெருவிலும் இருக்கிறது. அதோடு, கருவி வருவதற்கு முந்தைய நிலநடுக்கங்களைப் பிடிக்கப் பெரும்பாலும் இதைவிட நல்ல வழி கிடையாது. 1900 பிப்ரவரி 8இல் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்ததன் அளவு சுமார் 6 என்று இன்று சொல்கிறோமே, எந்த ஊரில் எப்படி உணர்ந்தார்கள், எங்கே என்ன சேதம் என்ற பழைய குறிப்புகள் இல்லாமல் அந்த எண் கிடைத்திருக்காது.

இதற்கு ஆகும் செலவு பஸ் டிக்கெட்டும் சாப்பாடும்தான். 1857 நேபிள்ஸ் நிலநடுக்கத்தை ஆராய ஐரிஷ் பொறியாளர் ராபர்ட் மல்லட்டுக்கு லண்டனின் ராயல் சொசைட்டி 150 பவுண்டு கொடுத்தது, அதில் அவர் இரண்டு தொகுதி எழுதினார். நம் ஊரில் கோடிக்கணக்கில் கருவி வாங்கக் கையெழுத்து விழும், நாலு மாணவர்களை மறுநாளே கிராமங்களுக்கு அனுப்பக் கோப்பு நகராது. நகர்வதற்குள் ஜனங்கள் விரிசலைப் பூசி வெள்ளையும் அடித்துவிடுவார்கள். அந்த இடைவெளியில் வாட்ஸாப்பில் கிரகப் பலன் சொல்லி "அடுத்தது இந்த வாரம்" என்று தேதி குறிக்கிறவர்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

அடுத்த முறை உங்கள் ஊர் ஆடினால், பத்திரமான இடத்துக்கு வந்த பிறகு ஒரு தாளில் எழுதி வையுங்கள்: நேரம், எந்த மாடி, உட்கார்ந்திருந்தீர்களா படுத்திருந்தீர்களா, ஷெல்ஃபில் எது விழுந்தது, எது விழவில்லை, விழுந்ததன் உயரமும் அகலமும் எவ்வளவு.