குக்அவுட் தட்டில் சாஸையும் கணக்கில் சேருங்கள்

அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 விடுமுறையில் குக்அவுட், அதாவது திறந்த வெளியில் இறைச்சி சுட்டுச் சாப்பிடும் விருந்து, முடிந்ததும் என்னிடம் ஆலோசனைக்கு வரும் நம் ஆட்கள் பலர் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: "மேடம், சோறு தொடவே இல்லை. சுட்ட சிக்கன் மட்டும்தான். அப்படியும் சுகர் ஏறிடுச்சு." அமெரிக்காவில் உணவியல் நிபுணராக வேலை பார்க்கும் எனக்குக் கோடைதோறும் வரும் புகார் இது.

சிக்கனில் மாவுச்சத்து இல்லை, சரி. அதன்மேல் பூசிய பார்பெக்யூ சாஸ்? கடையில் வாங்கும் பல சாஸ்களில் இரண்டு மேசைக்கரண்டிக்கே 12 கிராமுக்கு மேல் சர்க்கரை. சுடும்போது பூசியது போதாதென்று தட்டிலும் ஊற்றிக்கொள்கிறோம். ஒரு கேன் கோலாவில் 39 கிராம், கிட்டத்தட்ட பத்து டீஸ்பூன். பர்கர் பன்னும் மாவுதான். மயோனைஸில் புரட்டிய உருளைக்கிழங்கையோ 'சாலட்' என்று காய்கறிக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

சிக்கனை விட வேண்டாம், சாஸை விடுங்கள். தயிர், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, மஞ்சள், மிளகு போட்டு முந்தின இரவே ஃப்ரிட்ஜில் ஊறவையுங்கள். நம் வீடுகளுக்குத் தெரியாத வேலையா? இறைச்சி கடும் சூட்டில் கருகும்போது ஹெட்டிரோசைக்ளிக் அமீன்கள் என்ற கெடுதலான வேதிப்பொருள்கள் உருவாகின்றன. ஊறவைத்துச் சுட்டால் அவை குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடிக்கடி திருப்பிப் போடுங்கள். கொழுப்பு சொட்டிப் புகை கிளம்பினால் துண்டுகளை ஓரத்துக்குத் தள்ளுங்கள். கருகின இடத்தை வெட்டி எறிந்துவிடுங்கள்.

ஹாட்டாக், அதாவது பன்னுக்குள் வைத்துத் தின்னும் பதப்படுத்திய இறைச்சி சாசேஜ், விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு ஹாட்டாக், சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணிப்பு. விருந்தில் ஒன்று தின்றதற்குப் பயப்பட வேண்டாம். மிச்சப் பாக்கெட்டை வாரம் முழுக்கப் பிள்ளைகளின் லஞ்ச் பாக்ஸில் வைக்கிறார்களே, அதுதான் எனக்குக் கவலை.

சைவக்காரர்கள் வெஜ் பர்கர் பாக்கெட்டில் சோடியம் எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். பிரஷர் இருப்பவர்களுக்கு இது முக்கியம். குடைமிளகாய், காளான், பனீரைக் கம்பியில் கோத்துச் சுட்டால் அந்தக் கவலையே இல்லை. சோளம் நல்லதுதான், ஆனால் அதைச் சோற்றுக் கணக்கில் வையுங்கள்.

அப்புறம், சிக்கன் வெந்ததா என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தெர்மாமீட்டரைச் சதையின் தடித்த இடத்தில் குத்தினால் 165 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். வெயில் 90 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த இறைச்சியையும் சாலட்டையும் டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.