கூடங்குளம் பற்றிக் கேட்ட அன்ரி

கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிப்பது என் வேலை. தைரொயிட் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்தவர்களுக்குக் கதிரியக்க அயடீன்-131 குளிசையைக் கொடுத்து, ஈயம் பதித்த அறையில் சில நாட்கள் தனியே வைத்திருப்போம். வீட்டுக்கு அனுப்பும் முன் மீட்டரால் அவர்களை அளந்து பார்ப்பது நான்தான்.

வெள்ளவத்தையில் இருந்து வந்திருந்த ஒரு அன்ரி, அறைக்குள் நின்றபடியே கேட்டார். "தம்பி, இந்தக் குளிசைக்குள்ள இருக்கிறதும் கூடங்குளத்தில இருக்கிறதும் ஒண்டுதானே? அங்க ஏதும் நடந்தா எங்களுக்கும் வருமோ?"

கூடங்குளம் தமிழ்நாட்டின் தென்கரையில் இருக்கும் அணுமின் நிலையம். முதல் கேள்விக்குப் பதில், ஆம். யுரேனியம் பிளவுபடும்போது உண்டாகும் பொருட்களில் அயடீன்-131 ஒன்று. நம் நாட்டில் அணு உலை கிடையாது. நாங்கள் கொடுக்கும் மருந்தும் வெளிநாட்டில் இருந்துதான் வருகிறது. எட்டு நாட்களுக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. 1986 ஏப்ரல் 26ஆம் திகதி செர்னோபிலில் உலை வெடித்தபோது இதே அயடீன் காற்றில் போய்ப் புல்லில் படிந்தது. புல்லை மாடு தின்றது, பாலைப் பிள்ளைகள் குடித்தார்கள். பக்கத்து நகரான பிரிப்யாட்டில் இருந்தவர்களை மறுநாள் பிற்பகல்தான் வெளியேற்றினார்கள். பாலைக் குடிக்க வேண்டாம் என்று பல கிராமங்களுக்கு யாரும் நேரத்தோடு சொல்லவில்லை. பிறகு பல ஆயிரம் பிள்ளைகளுக்குத் தைரொயிட் புற்றுநோய் வந்தது. அதே கதிரியக்க மேகம் போலந்துக்கும் போனது. தூரம் கூட என்பதால் அங்கே அளவு குறைவுதான். ஆனாலும் அவர்கள் காத்திருக்காமல், சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சாதாரண அயடீனைக் கொடுத்தார்கள். அயடீனை இழுத்துக்கொள்ளும் தைரொயிட் சுரப்பி அதனால் நிறைந்துவிட்டால் கதிரியக்க அயடீனுக்கு அங்கே இடமிருக்காது.

2011இல் ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலைய விபத்தில் நடந்தது வேறு. அங்கே கதிர்வீச்சை விட, அவசர அவசரமாக இடம்பெயர்த்ததே கூடுதலான உயிர்களை எடுத்தது. படுக்கையில் கிடந்த முதியவர்களைப் பேருந்துகளில் ஏற்றி மணிக்கணக்கில் கொண்டுபோனார்கள். அந்த மாகாணத்தில் மட்டும் இப்படியான மரணங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். எக்ஸ்ரே எடுக்கப் பயந்து நோயை முற்றவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு ஞாபகம் வரும்.

சரி, கூடங்குளம்? கற்பிட்டியில் இருந்து கடலுக்கு அப்பால் ஏறக்குறைய 225 கிலோமீட்டர். அங்கே 1000 மெகாவாட் உலைகள் இரண்டு இயங்குகின்றன, இன்னும் நான்கு கட்டப்படுகின்றன. செர்னோபிலில் இல்லாத கனத்த கொங்கிரீட் கவசம் இவற்றுக்கு உண்டு. அந்த உலைகளை நினைத்து நான் தூக்கம் கெடுவதில்லை. ஆனால் அவற்றை எதிர்த்துப் பக்கத்து ஊரான இடிந்தகரை மக்கள் போராடியபோது கேட்ட கேள்விகளை வெறும் பயம் என்று தள்ளியதை என்னால் ஏற்க முடியவில்லை. விபத்து நடந்தால் எந்த வழியால் போவது, யார் வந்து சொல்வது என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருந்தது. இலங்கை அணுசக்திச் சபை நம் கரையோரங்களில் கதிர்வீச்சை அளக்கும் கருவிகளை வைத்திருக்கிறது. அந்த அளவீடுகள் தமிழிலும் சிங்களத்திலும் மன்னார் மீனவரின் தொலைபேசிக்குத் தினமும் வரவேண்டும் என்பது என் ஆசை.

2022 மின்வெட்டுக்குப் பின், நமக்கும் ஓர் அணுமின் நிலையம் வேண்டும் என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். என் தயக்கம் கதிர்வீச்சால் அல்ல, காசால். இலங்கையின் உச்ச மின்தேவை 3000 மெகாவாட்டுக்கும் குறைவு. 1000 மெகாவாட் உலை ஒன்று திடீரென நின்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதற்கே நாடு முழுவதும் இருண்டது. சிறிய உலைகள் பொருந்தலாம், ஆனால் அவை உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் ஓடுகின்றன. பங்களாதேஷின் ரூப்பூரில் இரண்டு உலைகளுக்கு 12.65 பில்லியன் டொலர், பெரும்பகுதி ரஷ்யக் கடன். பின்லாந்தில் 2005இல் கட்டத் தொடங்கிய உலை 2023இல்தான் வழமையான உற்பத்திக்கு வந்தது. அத்தனை வருடமும் வட்டி ஏறும். கட்டி முடித்துவிட்டால் எரிபொருள் செலவு குறைவு, நிலக்கரிக் கப்பலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதும் உண்மைதான். ஆனால் 2022இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நிறுத்திய நாடு நாம்.

அன்ரியிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். போகும் நாளில் அளந்துவிட்டு, மீட்டரை அவர் பக்கம் திருப்பினேன். முதல் நாள் எழுதிவைத்த எண்ணையும் காட்டினேன். இரண்டையும் வாசித்தார். அப்புறம், பேத்தியைத் தூக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கேட்டு, சொன்ன திகதியைக் கைப்பைக்குள் இருந்த சின்னக் கலண்டரில் வட்டமிட்டுக்கொண்டார்.