ஹார்ட் டிஸ்க் ரகசியமாக எழுதி வைக்கும் கணக்கு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பில் போடுற கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது. ரிப்பேர் ஆனா ஆள் கூப்பிட்டுக்கலாம், எதுக்கு வருஷா வருஷம் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) கட்டணும்?" நியாயமான கேள்வி. ஆனால் நல்லாத்தான் ஓடுது என்று நாம் திரையைப் பார்த்துத்தான் சொல்கிறோம், ஹார்ட் டிஸ்க்குக்குள் நடப்பது திரைக்கு வருவதே இல்லை.

சுழலும் தட்டு, அதன்மேல் காந்தப் பூச்சு, சில நானோமீட்டர் உயரத்தில் தொடாமல் மிதக்கும் தலை. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். அப்புறம் நடப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தகவல் செக்டார் செக்டாராக, அதாவது தட்டில் பிரித்து வைத்த சின்னச் சின்னப் பகுதிகளாக, எழுதப்படும்போது ஒவ்வொன்றோடும் பிழை திருத்தும் குறியீடு ஒன்றும் சேர்ந்தே எழுதப்படுகிறது. படிக்கும்போது சில பிட்டுகள் தப்பாக வந்தால் டிஸ்க்கே கணக்குப் போட்டுத் திருத்திவிடும், விண்டோஸிடம் மூச்சு விடாது. திருத்த முடியாத அளவுக்குக் கெட்டிருந்தால் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும் (பில் போடும்போது சில நொடி அப்படியே உறைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்), அப்படியும் வராவிட்டால் அந்த செக்டாரைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்து, அடுத்து அங்கே எழுத நேரும்போது சோதித்துப் பார்த்து, தேறாதென்றால் உபரியாக ஒதுக்கி வைத்திருக்கும் செக்டார் ஒன்றுக்கு முகவரியை மாற்றிவிட்டு, கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும்!

இந்தக் கணக்குக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதில் 5ஆம் எண்ணிட்ட வரியில் இடம் மாற்றப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை, 197ஆம் எண்ணிட்ட வரியில் சந்தேகத்தில் இருப்பவற்றின் எண்ணிக்கை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். டிஸ்க் போனதும் "நேரம் சரியில்லை" என்று சொல்லிப் பரிகாரம் தேடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், பல சமயம் அந்த எண்ணிக்கை முன்கூட்டியே ஏறத் தொடங்கியிருக்கும்.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்த கூகுள் ஆய்வாளர்கள், முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் தட்டைத் தானே சோதிக்கும்போது தெரியும் பிழை) காட்டிய டிஸ்க் அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை காட்டாததைவிட 39 மடங்கு அதிகம் என்று 2007இல் எழுதினார்கள். அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது: செயலிழந்தவற்றில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலையை விட்டுவிட்டுப் பார்த்தால், எந்த அறிகுறியும் காட்டவில்லை. அதனால் எண்ணைப் பார்ப்பது மட்டும் போதாது, பேக்கப்பும் வேண்டும். அதுவும் கடைக்கு வெளியே. 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்ததே, கம்ப்யூட்டர் பக்கத்திலேயே பேக்கப் டிஸ்க்கும் இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் நனையும்.

விண்டோஸ் அப்டேட்டும் இதே கதைதான். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, பணம் கேட்டு மிரட்டும் தீய மென்பொருள் உலகம் முழுக்கக் கோப்புகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

ஆகவே வாசகரே, ஏஎம்சி கட்டுங்கள், ஆனால் தூசி தட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போகிறவருக்கு அல்ல. வருகிறவரிடம் அந்த இரண்டு எண்ணிக்கைகளையும் மாதாமாதம் நோட்டில் எழுதச் சொல்லுங்கள், பேக்கப்பிலிருந்து ஒரு பழைய பில்லை உங்கள் கண் முன்னாலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.