செல்ஃப் அடிக்கும் முன்: பழைய இத்தாலிய ஜி.டி. கார்களின் பிறவிக் கோளாறுகள்

பதினைந்து, இருபது வருடம் ஷெட்டில் நின்ற பழைய ஃபெராரியோ மசெராட்டியோ விலைக்கு வந்தால், "பேட்டரி மட்டும் மாற்றினால் ஓடிவிடும்" என்ற பேச்சும் கூடவே வரும். ஓடவும் ஓடும், சிக்கலே அங்கேதான். பெட்ரோல் கோந்தாகி, சிலிண்டர் சுவரில் துரு பூத்து, பேரிங்கிலிருந்து ஆயில் வடிந்து காய்ந்த இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டாலே போதும். பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் பிழைத்திருக்கும் பன்னிரண்டு சிலிண்டரும் ஓவர்ஹாலுக்கு வந்து நிற்கும்.

இந்த கார்களில் ஒவ்வொரு மாடலும் ஒவ்வொரு இடத்தில் கெடும். அது தற்செயல் இல்லை. பிறந்த வருடத்தில் அந்தக் கம்பெனிக்கு எந்தப் பாகம் கிடைத்தது, எதில் அவசரப்பட்டார்கள், எடையை எங்கே குறைத்தார்கள் என்பதெல்லாம் இன்று துருவாகவும் கசிவாகவும் வெளியே தெரிகிறது. அதனால் டார்ச்சைக் கையில் எடுக்கும் முன் கொஞ்சம் வரலாறு.

ஜி.டி., அதாவது கிரான் தூரிஸ்மோ என்றால் பெரும் பயணம். இரண்டு பேர், அவர்களுடைய பெட்டிகள், மலைப்பாதை, நாள் முழுக்க வேகம். இறங்கும்போது முதுகு வலிக்கக்கூடாது. அந்தப் பெயரை ஒரு காரின் மேல் உறுதியாகப் பதித்தது 1951-ல் வந்த லான்சியா ஆரேலியா பி20 ஜி.டி. அதே வருடம் மில்லே மிலியா பந்தயத்தில் ப்ராக்கோவும் மாலியோலியும் இரண்டு லிட்டர் பி20-ல் ஒட்டுமொத்தமாக இரண்டாவது வந்தார்கள். முதலில் வந்தது வில்லோரேசியின் 4.1 லிட்டர் ஃபெராரி. ஆரேலியாவில் இருந்தது தொடர் உற்பத்திக்கு வந்த முதல் வி6 இன்ஜின். கிளட்ச், கியர்பாக்ஸ், பின் பிரேக் எல்லாவற்றையும் பின்னால் டிஃபரன்ஷியலோடு சேர்த்துவிட்டார்கள். எடை முன்னும் பின்னும் சமமாகப் பிரிந்தது. வளைவில் கார் தரையைப் பிடித்துக்கொண்டு போனது.

இதற்குக் கொடுத்த விலை இரண்டு. கிளட்ச் பின்னால் இருப்பதால் நடுவில் ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எப்போதும் இன்ஜின் வேகத்திலேயே சுற்றுகிறது. அதன் ரப்பர் கப்ளிங் இறுகினாலோ பேலன்ஸ் கொஞ்சம் தவறினாலோ தரை முழுக்க அதிரும். இன்ஜின் மவுன்ட்டை மாற்றிப் பணத்தைக் கரைப்பவர்கள் பலர். முதலில் பார்க்கவேண்டியது ஷாஃப்ட்டை. இரண்டாவது, பின் டிரம் சக்கரத்தில் இல்லை, டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கிறது. சீல் கசிந்தால் கியர் ஆயில் நேராக பிரேக் லைனிங்கில் இறங்கும். 1964-ல் வந்த ஃபெராரி 275 ஜிடிபி-யும் கியர்பாக்ஸைப் பின்னால் கொண்டுபோனது. அதன் ஆரம்ப கார்களில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் ஷாஃப்ட் உதறும். பிறகு இரண்டையும் ஒரு குழாயால் இறுகப் பிணைத்துத்தான் ஃபெராரி அதைச் சரிசெய்தது.

மசெராட்டியின் கதை வேறு. 1957 முடிவில் கடனில் மூழ்கிய கம்பெனி பந்தயத்தை விட்டது. பிழைக்க ஒரு சாலை கார் வேண்டியிருந்தது. அப்படி வந்ததுதான் 3500 ஜி.டி.: ஜூலியோ அல்ஃபியேரி வடிவமைத்த 3,485 சிசி ஆறு சிலிண்டர் இன்ஜின், சிலிண்டருக்கு இரண்டு பிளக். எல்லாப் பாகத்தையும் தானே செய்ய வசதி இல்லாததால் பிரேக் கிர்லிங், பின் ஆக்ஸில் சாலிஸ்பரி, கிளட்ச் போர்க் அண்ட் பெக் என்று இங்கிலாந்திலிருந்தும், கியர்பாக்ஸை ஜெர்மனியின் இசட்எஃப்-இடமிருந்தும் வாங்கினார்கள். அன்றைக்கு அதைக் குறையாகப் பேசினார்கள். இன்று வைத்திருப்பவருக்கு அதுவே வரம்: பழைய பிரிட்டிஷ் கார்களின் பாகக் கடைகளில் பாதி சாமான் கிடைத்துவிடும். 1961-ல் வந்த ஜிடிஐ-யில் லூகாஸ் இயந்திர இன்ஜெக்ஷன். டியூன் செய்யத் தெரியாமல் பலர் அதைக் கழற்றிப் போட்டு வெபர் கார்புரேட்டர் மாட்டிவிட்டார்கள். ஜிடிஐ என்று பெயர் இருந்து பானட்டுக்குள் வெபர் இருந்தால், கழற்றிய லூகாஸ் பாகங்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று விலை பேசும் முன்பே கேளுங்கள்.

இனி பாடி. கவனமெல்லாம் வேண்டியது இங்கேதான், ஏனென்றால் இன்ஜினைவிட பாடிதான் அதிகச் செலவு வைக்கும். மிலானில் 1926-ல் தொடங்கிய கரோட்சேரியா தூரிங் என்ற பாடி கட்டும் பட்டறையின் முறைக்கு சூப்பர்லெஜ்ஜேரா, அதாவது 'மிக லேசானது' என்று பெயர். மெல்லிய எஃகுக் குழாய்களை வளைத்துக் கூடு கட்டி, மேலே அலுமினியத் தகட்டைப் போர்த்தி, ஓரங்களைக் குழாயைச் சுற்றி மடிப்பார்கள். மசெராட்டி 3500 ஜி.டி., லம்போர்கினியின் முதல் காரான 350 ஜி.டி. இரண்டும் இப்படிக் கட்டியவை. எடை குறைவு, அழகு அதிகம். ஆனால் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அலுமினியம் தன்னைக் கரைத்துக்கொண்டு எஃகைக் காக்கும். பிறகு எஃகும் துருப்பிடித்து வீங்கும்.

கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவின் உதடு, கதவுக்குக் கீழே ஓடும் சில் ஆகிய மூன்றிலும் விரல் நுனியால் தடவுங்கள். பெயிண்டுக்கு அடியில் கடுகு அளவில் கொப்புளம் தட்டுப்பட்டால் உள்ளே வேலை ஆரம்பித்துவிட்டது. கொப்புளத்தைக் கீறினால் வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அலுமினியம் அரிக்கிறது. செம்பழுப்பாக வந்தால் குழாயே போகிறது. காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது. அலுமினியத்தில் காந்தம் எப்படியும் ஒட்டாது, அடியில் எத்தனை பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அது சொல்லவும் சொல்லாது. பெயிண்டின் தடிமனை அளக்கும் மானி வாங்கும்போதும் இரும்பை மட்டும் அளக்கும் மலிவு வகை வேண்டாம். அலுமினியத்தையும் அளப்பதாக இருக்கவேண்டும். நல்ல மறுபெயிண்ட் 200 முதல் 400 மைக்ரான் காட்டும். 1,000-ஐத் தாண்டினால் நீங்கள் பார்ப்பது பட்டியை.

பழுது பார்க்கும்போது டிங்கரிங்காரர் செய்யும் பெரிய தவறு, அரித்த ஓரத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகட்டை எஃகு ஸ்க்ரூ போட்டு இறுக்குவது. இரண்டே மழைக்காலத்தில் அதே இடம் மறுபடி பூக்கும். சரியான முறை: மடிப்பைப் பிரி, குழாயைப் பளபளக்கும்வரை தேய், துத்தநாக பிரைமர் அடி, தகடும் குழாயும் தொடாதபடி நடுவே பிரிப்பு டேப் சுற்று, பிறகு மடி. கடைசியில் குழாயின் உட்புறத்துக்கு மெழுகு பீய்ச்சு. ஃபெராரி 250 லூசோ சூப்பர்லெஜ்ஜேரா இல்லை; ஸ்காலியேட்டி கட்டிய எஃகு பாடியில் கதவும் பானட்டும் டிக்கி மூடியும் மட்டும் அலுமினியம். கதவு கீல் எஃகோடு சேரும் இடத்தை மட்டும் இதே கண்ணால் பாருங்கள்.

லம்போர்கினி மியூராவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1966 ஜெனிவா கண்காட்சியில் உலகமே வாய்பிளந்த கார், இருபதுகளில் இருந்த இளைஞர்கள் செய்தது: டல்லாரா, ஸ்டான்சானி, வடிவத்துக்கு பெர்டோனே டிசைன் நிறுவனத்தின் கான்டினி. 3,929 சிசி வி12 இன்ஜினை ஆட்கள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் குறுக்காகக் கிடத்தி, கியர்பாக்ஸையும் அதே வார்ப்பில் சேர்த்துவிட்டார்கள். இன்ஜினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ தேய்ந்து விழும் உலோகத் துகள் நேரே கிராங்க் பேரிங்குக்குப் போகும். மியூராவின் கடைசி வகையான எஸ்.வி.-யின் பிற்காலக் கார்களில்தான் ஆயிலைப் பிரித்தார்கள். மற்ற மியூராக்களில் ஆயிலைச் சீக்கிரம் மாற்றவேண்டும், பழைய ஆயிலில் காந்தம் விட்டுப் பார்க்கவேண்டும்.

அதைவிடப் பெரியது தீ. மியூராவின் நான்கு வெபர் கார்புரேட்டர்களும், ஒவ்வொன்றிலும் காற்று இறங்க மூன்று தொண்டை, பந்தயத்துக்காகப் பிறந்தவை. த்ராட்டில் எப்போதும் திறந்தே இருக்கும் என்ற நினைப்பில் செய்தவை. சிக்னலில் ஐடிலில் நின்றால் வழியும் பெட்ரோல் மேலேயே தேங்கும், கீழே சூடான இன்ஜின். இன்லெட் வழியே ஒரு 'பட்' வெடித்தால் போதும். தேங்கும் பெட்ரோலை வெளியேற்ற வடிகுழாய் வைத்திருக்கிறார்களா என்பதே மியூராவில் முதல் கேள்வி. தீயணைப்பான் வாங்கும்போது உலர்பொடி வகையைத் தவிருங்கள். தீ அணையும், ஆனால் அந்தப் பொடி ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும். நுரை அல்லது கார்பன் டை ஆக்ஸைடு நல்லது.

சரி, நின்ற காரை எழுப்புவது எப்படி? பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பெட்ரோல் டேங்கை முழுக்க வடியுங்கள். பெயிண்ட் கடை வாடை வந்தால் டேங்கையே இறக்கிக் கழுவவேண்டும். பெட்ரோல் ஹோஸ் அத்தனையும் புதிது. ஹோஸின் மேல் ஜே30 ஆர்9 என்ற அச்சு இருக்கட்டும். 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஊற்றும் ஊரில், இந்தியா இப்போது அப்படித்தான், அறுபதுகளின் ரப்பர் சில மாதத்தில் உள்ளுக்குள் நொய்ந்துவிடும்.

எல்லா பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் ஊடுருவும் எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு கிராங்க் நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றுங்கள். தடுத்தால் நிறுத்துங்கள், நீளக் கம்பி போட்டு நெம்பாதீர்கள்; ஒட்டிய வால்வு வளையும். இரண்டு முழுச் சுற்று தடங்கலின்றிப் போனால் பழைய ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றுங்கள். ஃபெராரி 250-க்குச் சுமார் 10 லிட்டர் பிடிக்கும். பேட்டரியை மாட்டி, பிளக் இல்லாமலே பத்து பத்து விநாடியாக செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் முள் எழுகிறதா பாருங்கள். முள் எழாதவரை பிளக் மாட்டக்கூடாது. அடுத்து மின் பம்பை மட்டும் ஓடவிட்டுக் கார்புரேட்டர்களைப் பெட்ரோலால் நிரப்பி, ஒரு முழு நிமிடம் டார்ச்சோடு பாருங்கள். மிதவை ஊசி ஒட்டியிருந்தால் இப்போதே வழியும். வழிந்தால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

ஓட ஆரம்பித்ததும் குறை எல்லாம் வெபர் தலையில் விழும். ஆனால் வரிசை இதுதான்: வால்வு இடைவெளி, இக்னிஷன், கடைசியில் கார்புரேட்டர். ஃபெராரி வி12-ன் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-7-5-11-3-9-6-12-2-8-4-10. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தர இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர்; ஒன்று 1-5-3-6-2-4, மற்றது 7-11-9-12-8-10. இரண்டுக்கும் இடையிலான நேரம் தவறினால் கார் இரண்டு ஆறு சிலிண்டர் இன்ஜின்களாகச் சண்டை போடும்; ஒரு பக்க சைலன்சர் மற்றதைவிடச் சூடு குறைவாக இருக்கும். அதைச் சரிசெய்யாமல் மிக்ஸ்சர் திருகைத் தொட்டால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருக்கலாம். டைமிங் சரியான பிறகு கார்புரேட்டர்களை இணைக்கும் லிங்கேஜைக் கழற்றி, ஒவ்வொரு தொண்டையிலும் காற்று அளவைச் சமப்படுத்திவிட்டு லிங்கேஜை மாட்டுங்கள். அப்போதும் ஒரு தொண்டை மட்டும் துப்பினால் ஐடில் ஜெட்டில் தூசி.

பிரேக்கில் ஒரு ஏமாற்று உண்டு. பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. சிறிது தூரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் அருகிலும் கை வையுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் காலிப்பரைக் கழற்றும் முன் ஹோஸை மாற்றுங்கள்.

சக்கரம் பொரானி கம்பிச் சக்கரமாக இருந்தால் நடுவில் ஒரே இறக்கை நட்டு. காரின் இடப்பக்கம் வலமரை (வலமாகத் திருகினால் இறுகுவது), வலப்பக்கம் இடமரை (இடமாகத் திருகினால் இறுகுவது). நட்டிலேயே எழுதியிருக்கும்: லாத்தோ சினிஸ்த்ரோ என்றால் இடம், லாத்தோ தெஸ்த்ரோ என்றால் வலம். கார் முன்னால் போகும்போது சக்கரம் சுற்றும் திசையில் திருகினால் கழலும். தலைகீழாக இருக்கவேண்டும் என்று தோன்றும். ஆனால் கூம்பு இருக்கையில் நட்டு உருளும் விதத்தால் இப்படித்தான் இறுகும். பழுதின்போது ஹப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுவிட்டால் நட்டு தானே கழன்று சக்கரம் போய்விடும். அடிக்க ஈயம் அல்லது செம்புச் சுத்தியல் மட்டும்.

கடைசியாக, உண்மையான காரா என்ற கேள்வி. ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தமே 36. அதே குடும்பத்தின் நான்கு பேர் அமரும் ஜிடிஇ சுமார் 950, நீண்ட காலம் யாரும் மதிக்காத கார். அதனால் பல ஜிடிஇ-க்களை வெட்டி, இன்ஜினையும் சேசிஸையும் எடுத்து நகல் ஜிடிஓ கட்டினார்கள். ஜிடிஇ-யின் முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 2,600 மில்லிமீட்டர், ஜிடிஓ-வுக்கு 2,400. ஆக எங்கோ 200 மில்லிமீட்டர் வெட்டியிருக்கவேண்டும். காரைத் தூக்கி, முக்கியக் குழாய்களில் வெல்டிங் தழும்பைத் தேடுங்கள். சேசிஸ் எண் தவிர இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் ஒவ்வொன்றிலும் ஃபெராரி தனியாக உள் எண் குத்தியிருக்கும். அவை ஃபேக்டரிப் பதிவோடு பொருந்துகிறதா என்று ஃபெராரி கிளாசிக்கே பிரிவு சோதித்துச் சான்று தருகிறது. இத்தாலியில் பதிவான காருக்கு 1927 முதல் இயங்கும் பொது வாகனப் பதிவேட்டிலிருந்து எஸ்த்ராத்தோ க்ரோனோலோஜிகோ என்ற உரிமையாளர் வரிசைச் சான்று வாங்கலாம். அதில் நடுவே ஒரு இடைவெளி இருந்தால் அந்த வருடங்களில் கார் எங்கே நின்றது என்று விற்பவர் சொல்லட்டும்.

இத்தாலியிலிருந்து வாங்குபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். 75 வயதைத் தாண்டிய வாகனம் அங்கே கலாசாரச் சொத்துச் சட்டத்துக்குள் வருகிறது. நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும். 1951-ல் செய்த முதல் பி20-கள் 2026-ல் அந்த வயதைத் தொடுகின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், தயாரித்த வருடத்தோடு மாதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.