வைஃபை டாங்கிள் வேலை செய்யவில்லையா? எதையும் டவுன்லோடு செய்யும் முன் இதைப் படியுங்கள்

காட்பாடியில் பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி தன் தம்பியோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வைஃபை வரலைன்னு பார்க்கப் போனோம் அண்ணா, இப்ப என் ப்ராஜெக்டே இல்ல" என்றவருக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. இந்த மாதத்தில் இதே மாதிரி வந்த நான்காவது ஆள் இவர். மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் நின்றதும் பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் 21 போட்டிருக்கிறார்கள். நல்ல முடிவுதான். உள்ளே இருந்த வைஃபை கார்டு ஏற்கெனவே போய்விட்டதால் நகம் அளவில் ஒரு யூஎஸ்பி டாங்கிள் வாங்கி மாட்டினார்கள். அது வைஃபையாகத் தெரியாமல் ஒரு சின்ன டிஸ்க்காகத் தெரிந்தது. உள்ளே விண்டோஸுக்கான செட்அப் ஃபைல். தம்பி ஏதோ ஒரு வீடியோவில் காட்டிய ஸ்கிரிப்டை அப்படியே காப்பி செய்து, சுடோ (முழு நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போட்டு ஓட்டிவிட்டார். அது வேறொரு லினக்ஸுக்கான தொகுப்புகளை இழுத்துப் போட்டு, பாதியில் நின்றது. அடுத்த முறை ஆன் செய்தால் கறுப்புத் திரை. பதற்றத்தில் மின்ட்டைத் திரும்ப நிறுவினார், டிஸ்க்கை முழுதாக அழிக்கும் தேர்வோடு. எஸ்எஸ்டியில் அப்படிச் செய்தால் பழைய தகவலை மீட்பது ஏறக்குறைய நடக்காத காரியம். இரண்டு நாள் முயன்றேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு தவறான எண்ணம்: "லினக்ஸுக்கு டிரைவர் கிடையாது, எங்கிருந்தாவது தேடிப் போடணும்." இதை எத்தனை பேரிடம் மறுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. டிரைவர் என்பது ஒரு கருவியைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் மென்பொருள். விண்டோஸில் பழகியவர்களுக்கு அது பெட்டிக்குள் சிடியில் வருவது. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் அதன் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அந்தச் சிடி உங்களுக்குத் தேவையில்லை. செட்அப் ஃபைலை இரண்டு முறை கிளிக் செய்தாலும் இருபது முறை கிளிக் செய்தாலும் அது ஓடாது.

இன்னொன்று, பெட்டியில் போட்டிருக்கும் கம்பெனிப் பெயரை வைத்து டிரைவர் தேடுகிறார்கள். கெர்னல் அந்தப் பெயரைப் பார்ப்பதே இல்லை, உள்ளே இருக்கும் சிப்பைத்தான் பார்க்கிறது. மாடல் நம்பரை நம்பியும் பிரயோஜனமில்லை. டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் என்ற டாங்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வெர்ஷனில் ஏதெராஸ் ஏஆர்9271 சிப், இரண்டாம் வெர்ஷனிலிருந்து ரியல்டெக் 8188இயூஎஸ். பெயர் ஒன்று, உள்ளே ஆள் வேறு. முதல் வெர்ஷனுக்கு எழுதிய வழிமுறையை மூன்றாம் வெர்ஷனில் செய்து பார்த்துவிட்டு "லினக்ஸ் சரியில்லை" என்றால் எப்படி?

சிப்பைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். டாங்கிளை மாட்டி, கட்டளை அடிக்கும் டெர்மினல் ஜன்னலில் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) என்று அடியுங்கள். அந்த வரியில் நான்கு எழுத்து, நடுவில் இரண்டு புள்ளி, மறுபடி நான்கு எழுத்து என ஓர் ஐடி இருக்கும். 0பிடிஏ (0bda) என்று தொடங்கினால் ரியல்டெக், 0இ8டி (0e8d) என்றால் மீடியாடெக். தேடுவதானால் அந்த முழு ஐடியைப் போட்டுத் தேடுங்கள்.

குடியாத்தம் டாங்கிளில் வந்தது 0பிடிஏ:1ஏ2பி. எங்கள் வேலையில் இருப்பவர்களுக்குப் பார்த்ததும் தெரியும், டாங்கிள் இன்னும் டிஸ்க் வேஷத்திலேயே நிற்கிறது. இஜெக்ட் கொடுத்ததும் அது ரியல்டெக் 8811சியூ ஆக மாறியது. யூஎஸ்பியில் வரும் இந்தச் சிப்புக்கான டிரைவர் 6.2 கெர்னலிலிருந்து உள்ளேயே இருக்கிறது. மின்ட் 21 வந்தது 5.15 கெர்னலோடு. போனின் நெட்டைக் கேபிள் வழியாக லேப்டாப்புக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கில் போட்டு, அப்டேட் மேனேஜரிலேயே இருக்கும் கெர்னல் பட்டியலில் 6.8-ஐத் தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட் செய்தேன். வைஃபை வந்துவிட்டது. மொத்தம் இருபது நிமிடம். அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் தாங்கவில்லை.

டெதரிங் என்றதும் நினைவு வருகிறது. "நெட் இல்லாமல் எப்படி அண்ணா அப்டேட் பண்றது?" என்று கேட்பவர்கள் அநேகம். ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளால் இணைத்து டெதரிங்கை ஆன் செய்யுங்கள், லினக்ஸ் தானாக எடுத்துக்கொள்ளும். வேறு எதுவும் வேண்டாம்.

டிரைவர் இருந்தும் வரவில்லையா? டிஎம்இஎஸ்ஜி (dmesg) கட்டளையில், சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபார்ம்வேர் ஃபைல் இல்லை என்று வருகிறதா பாருங்கள். ஆர்எஃப்கில் லிஸ்ட் (rfkill list) அடித்து, வைஃபை பூட்டியிருந்தால் திறங்கள். வெளியிலிருந்து டிரைவர் கம்பைல் செய்தீர்கள், ஆனால் ஏறவில்லை என்றால், சரிபார்க்கப்படாத டிரைவர்களை ஏறவிடாத செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி தடுத்திருக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் சிக்னல் விட்டு விட்டு வந்தால் டாங்கிளை நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள். அந்தப் போர்ட்டின் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுகிறது. சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் ரவுட்டரையே மாற்றிவிட்டார்கள், குறை கேபிளில் தீர்ந்தது.

புதிதாக வாங்குகிறீர்களா? மீடியாடெக் 7612யூ அல்லது 7921யூ சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். முன்னது 4.19-லிருந்தும் பின்னது 5.18-லிருந்தும் கெர்னலிலேயே இருக்கிறது. கடைக்காரருக்குச் சிப் தெரியவில்லை என்றால், திருப்பித் தரலாமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆன்டெனாவின் நீளத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

தயவுசெய்து, என்ன செய்கிறது என்று தெரியாத ஸ்கிரிப்டுக்கு உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் ப்ராஜெக்டையும் போட்டோக்களையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். அதையும் மீறி லேப்டாப் கறுப்புத் திரையில் நின்றுவிட்டால் பயப்படாதீர்கள், அந்த நிலையில் ஃபைல்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். எதையும் திரும்ப நிறுவாமல் அப்படியே மூடி, தெரிந்த ஒருவரிடம் கொண்டு போங்கள். பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓடவிட்டு, முதலில் உங்கள் ஃபைல்களை வெளியே எடுத்துவிடலாம். வைஃபையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.