வண்டி நம்பர் 4112

புது வண்டிக்கு 4112 என்று நம்பர் வந்திருக்கிறதாம். கூட்டினால் எட்டு, சனி, உடனே மாற்று என்று வீட்டில் ஒரே நச்சரிப்பு. "எண்ணுக்கு நல்லது கெட்டது உண்டா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

நல்லது கெட்டது கிடையாது, குணம் உண்டு. 4294967297 என்ற எண்ணைப் பாருங்கள்.

இரண்டில் தொடங்கி வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் 2, 4, 16, 256, 65536. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசையில் வருவதெல்லாமே பகா எண்தான் என்று 1640 வாக்கில் நம்பினார் பிரான்ஸின் கணித மேதை ஃபெர்மா. அடுத்து வருவதுதான் நம் பத்து இலக்க எண். 1732-இல் சுவிட்சர்லாந்துக் கணித மேதை ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

கையால் எப்படி? இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும், 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகத்தான் இருக்க முடியும். இதையும் பின்னால் ஆய்லரே நிரூபித்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொள்கிறது!

ஆனால் எனக்குப் பிடித்தது வேறு வழி. அதில் பெரிய வகுத்தலே கிடையாது. 640 என்பது 5 × 128, அதாவது ஐந்து பெருக்கல் இரண்டின் 7-ஆம் அடுக்கு. 641-ஆல் வகுத்தால் ஒன்று குறைகிறது. மீதி −1 என்று வைத்துக்கொள்வோம். இதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி +1. அப்போது 640 என்ன ஆகிறது? 625 பெருக்கல் இரண்டின் 28-ஆம் அடுக்கு. சரி, இந்த 625 யார்? 641-க்குப் பதினாறு குறைவு! அதை எடுத்துவிட்டு −16-ஐ வைக்கலாம், மீதி மாறாது. பதினாறு என்பது இரண்டின் 4-ஆம் அடுக்கு. 28-உம் 4-உம் சேர்ந்து 32. ஆக, இரண்டின் 32-ஆம் அடுக்குக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் மீதி 1. குறியை எடுத்தால் மீதி −1. அதோடு ஒன்றைக் கூட்டியதுதான் நம் எண். மீதி பூஜ்யம். எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத நாலு வரி இது.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் கையில்தான் ஆராய்ச்சிப் பணமும் இருக்கிறது என்பது என் மனக்குறை. இணையத்தில் ரகசியம் காக்கும் ஆர்எஸ்ஏ முறையில், செய்தியைப் பூட்ட எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடும் பொதுச் சாவியின் அடுக்கெண்ணாகப் பெரும்பாலும் வைப்பது மேலே வந்த 65537-ஐத்தான்.

வண்டிக்கு வருவோம். இலக்கங்களைக் கூட்டி வரும் எண், நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் வருவது. நமக்கு விரல் பத்து, அவ்வளவுதான். 4112-ஐக் கணினியின் இரும முறையில் எழுதினால் 1000000010000. கூட்டினால் 2, சந்திரன்! சனி எங்கே போனார்? ஆனால் எந்த முறையில் எழுதினாலும் 4112 என்பது 16 × 257. ஃபெர்மாவின் அந்த 257 உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் இவ்வளவும் எழுத வந்தது.